உஷார்! டேட்டா எடுத்த பிறகு டெஸ்ட் தேடாதீர்கள்

“சார், டேட்டா எல்லாம் எடுத்தாச்சு. எந்த டெஸ்ட் போடணும்னு மட்டும் சொல்லிடுங்க.”

தீசிஸ் கொடுக்கும் காலம் நெருங்கினால் எந்தப் பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறை வாசலில் இந்த வாசகத்தைக் கேட்கலாம். கேட்கிறவர் முகத்தில் பெரிய வேலை முடிந்த நிம்மதி. கேட்கப்படுகிறவருக்கோ வயிற்றில் புளி கரைகிறது. அந்த இரண்டாண்டு உழைப்பு தேறுமா தேறாதா என்பது, எக்செல் கோப்பில் முதல் எண்ணைத் தட்டுவதற்கு முன்பே முடிவாகிப்போன விஷயம். இனி எந்த டெஸ்ட் போட்டாலும் அது மாறாது.

முதுகலை மாணவர், பிஎச்.டி. ஆய்வாளர், எம்.எட். ப்ராஜெக்ட் செய்கிறவர், புது உரத்தைப் பாதி வயலில் போட்டுப் பார்க்கிற விவசாயி, இரண்டு விளம்பரங்களில் எது எடுபடுகிறது என்று சோதிக்கிற வியாபாரி என எல்லோருக்கும்தான் சொல்கிறேன். சோதனையைத் தொடங்கும் முன் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு கற்றால், என்ன கெட்டது என்று தெரிந்துகொள்ளலாம்; அவ்வளவுதான்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ரொனால்டு ஃபிஷர். 1919-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். அங்கே பல்லாண்டுகளாகக் குவிந்துகிடந்த வயல் கணக்குகளோடு மல்லுக்கட்டி, சோதனையை எப்படித் திட்டமிடுவது என்பதையே தனித் துறையாக்கியவர். 1938-ல் கல்கத்தாவுக்கு வந்து, முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது, பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போலத்தான் என்று அங்கே சொல்லிவிட்டுப் போனார். செத்ததற்குக் காரணம் வேண்டுமானால் கிடைக்கும், உயிர் கிடைக்காது. நம் நாட்டு மண்ணில் சொன்ன எச்சரிக்கை. நாம்தான் இன்னும் கேட்கவில்லை.

இப்போது அபாயம் கூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா டெஸ்ட் ஒன்றைப் போட ஒரு நாள் முழுக்கக் கையால் கணக்குப் போட வேண்டும், போடும்போதாவது யோசிப்பார்கள். இன்று எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் இரண்டு கிளிக். ஏஐ-யிடம் கோப்பைக் கொடுத்தால் அட்டவணை, வரைபடம், விளக்கவுரை எல்லாம் காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. கோப்பில் உள்ள எண்ணைக் கொண்டு இவை கணக்குப் போடுமே தவிர, அந்த எண் எப்படி வந்தது என்பது இவற்றுக்குத் தெரியாது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று யார் முடிவு செய்தார், எதன்படி முடிவு செய்தார்? கோளாறெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் 1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை நடந்த பால் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குழந்தைகளுக்குத் தினம் பால் கொடுத்தால் வளர்த்தி கூடுமா என்பது கேள்வி. 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால். அவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சாத பால், பாதிப் பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். மீதி 10,000 பேருக்கு எதுவும் இல்லை, அவர்கள் ஒப்பிடுவதற்கான குழு. அந்தக் காலத்துக்கு மாபெரும் ஏற்பாடு. இத்தனை ஆயிரம் பேரை வைத்துச் செய்தால் தப்பு எங்கே வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தப்பு நல்ல மனதிலிருந்து வந்தது. யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்பதைச் சில பள்ளிகளில் சீட்டுக் குலுக்கியும் சில பள்ளிகளில் பெயர் வரிசைப்படியும் பிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு குழுவில் நோஞ்சான்களோ கொழுகொழுப் பிள்ளைகளோ அதிகம் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். எதிரே ஒட்டிய கன்னத்தோடு ஓர் ஏழைப் பிள்ளை நிற்கிறது. கையில் பால் இருக்கிறது. எந்த வாத்தியாருக்கு மனசு வரும், இல்லை என்று சொல்ல? பால் குழுவுக்குள் ஏழைக் குழந்தைகள் நகர்ந்தார்கள். சோதனை தொடங்கும்போதே, பால் கிடைக்காத குழு உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தது.

இதைப் பிட்டுப் பிட்டு வைத்தவர் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் காசெட். டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு குழுக்களை ஒப்பிட நீங்கள் கிளிக் செய்கிற டி-டெஸ்ட்டை 1908-ல் உலகுக்குக் கொடுத்தவரே அவர்தான். 1931-ல் எழுதிய விமர்சனத்தில் இன்னொரு நுட்பத்தையும் சொன்னார். குழந்தைகளை உடையோடு எடை போட்டார்கள். பிப்ரவரி அங்கே கடுங்குளிர், ஜூன் கோடை. வசதியான வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கனத்த கம்பளி உடையோடு தராசில் ஏறி, ஜூனில் மெல்லிய உடையோடு ஏறும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு பருவத்திலும் ஒரே சட்டைதான். ஆகவே வசதியான பிள்ளைகள் அதிகம் சேர்ந்த குழுவின் எடை, உடம்பு இளைக்காமலேயே குறைந்ததாகக் கணக்கில் ஏறும். பால் குடித்தவர்கள் அதிகம் தேறியது போலத் தோன்றும். எது பாலின் எடை, எது கம்பளியின் எடை? தன் பெயரில் ஒரு டெஸ்ட்டே வைத்திருந்த மனிதராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காய்ச்சாத பாலா, பாஸ்டரைஸ் செய்த பாலா என்ற இரண்டாவது கேள்வியின் கதி இன்னும் மோசம். ஒரு பள்ளிக்கு ஒரு வகைப் பால்தான் போனது. பாலின் வித்தியாசமும் பள்ளியின், ஊரின் வித்தியாசமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. முகமும் உருவமும் ஒன்றாய் இருக்கும் இரட்டைப் பிள்ளைகள் ஐம்பது ஜோடியைப் பிடித்து, ஒருவருக்குக் காய்ச்சாத பாலும் இன்னொருவருக்குப் பாஸ்டரைஸ் செய்த பாலும் கொடுத்திருந்தால், செலவில் நூற்றுக்கு ஓரிரு பங்கிலேயே இதைவிட உறுதியான விடை கிடைத்திருக்கும் என்பது காசெட்டின் தீர்ப்பு.

இப்போது சென்னைக்கு வாருங்கள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கட்டில் ஏது? சானடோரியத்தில் கொடுக்கும் அதே மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா என்று கேட்டார்கள்.

டாக்டர்கள் பார்த்து ஆளைப் பிரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும், கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள். அதுவும் நல்ல மனதுதான். லானார்க்‌ஷயர் கதையே திரும்ப நடந்திருக்கும். இங்கே யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. டாக்டரின் இரக்கத்துக்கு அதில் வேலை இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, மட்டமான சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் குணமானது ஏறக்குறைய சமம். வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்று பரவியதாகவும் தெரியவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுக்கச் சானடோரியங்களுக்கு விடை கொடுக்க வழி செய்தது.

எத்தனை நோயாளிகள் என்கிறீர்கள்? 200 பேர்கூட இல்லை. அங்கே 20,000 பேரை வைத்தும் குழப்பம், இங்கே அதில் நூறில் ஒரு பங்கை வைத்து உலகத்தின் மருத்துவ நடைமுறையே மாறியது. சாம்பிள் சைஸ் பெரிதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

சாம்பிள் எண்ணிக்கையிலேயே ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வேண்டுமென்று செய்வதில்லை, தெரியாமல் செய்வது. எம்.எட். ஆய்வுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். ‘ஏ’ செக்‌ஷனுக்குப் புதிய முறையில் பாடம், ‘பி’ செக்‌ஷனுக்குப் பழைய முறை. வகுப்புக்கு 40 மாணவர். டி-டெஸ்ட்டில் 80 என்று போட்டுவிடுகிறார்கள். ‘ஏ’ செக்‌ஷனுக்குக் காலை முதல் பீரியட், ‘பி’க்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. ‘ஏ’யில் சேர்த்ததே மார்க் எடுக்கும் பிள்ளைகளை. முறையைக் கொடுத்தது வகுப்புக்கு. ஆகவே எண்ண வேண்டியது வகுப்பை. கணக்குப்படி இது ஒன்றுக்கு ஒன்று. இப்படிப்பட்ட ஒரு ஜோடியை வைத்து எந்த டெஸ்ட்டும் எதையும் சொல்ல முடியாது. இரண்டு தொட்டியில் ஐம்பது ஐம்பது மீன் விட்டு, ஒரு தொட்டிக்கு மட்டும் புதுத் தீவனம் போட்டாலும் அதே கதைதான். ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-ல் தம் துறையின் களச் சோதனைக் கட்டுரைகளை அலசியபோது, புள்ளியியல் டெஸ்ட் போட்டிருந்தவற்றில் ஏறக்குறைய பாதியில் இந்தக் கோளாறு இருந்தது. படித்தவர்கள் எழுதி, படித்தவர்கள் திருத்தி, அச்சில் வந்த கட்டுரைகள் அவை!

வேளாண் கல்லூரி மாணவர்கள் இதில் கொஞ்சம் தேவலை. பாத்திகளைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் குலுக்கும் ஆர்பிடி வடிவமைப்பு அவர்களுக்குப் பாலபாடம். மடையோரம் ஈரம் அதிகம், மேட்டுப் பக்கம் காய்ச்சல். அதனால் வயலை ஈரத்தின் போக்கைப் பார்த்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லா உரமும் வரும்படி, எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கிப் போட வேண்டும். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். வயலில் இறங்கியதும், ஆள் கூலி மிச்சம், அளக்கச் சுலபம் என்று ஒரே உரத்தை வரிசையாகப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. கைடு கேட்டால் வரைபடத்தில் மட்டும் குலுக்கல்!

எண் வந்த பிறகு நடக்கும் விளையாட்டு இன்னொரு ரகம். 2015-ல் ஜான் போஹனன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்களோடு சேர்ந்து ஒரு பொறி வைத்தார். ஜெர்மனியில் 16 பேரைச் சேர்த்து மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடு, ஒரு குழுவுக்கு அதோடு தினம் ஒரு சாக்லேட், மூன்றாவது குழு வழக்கம்போல. மூன்று வாரம் ஓடியது. ஒருவர் கழன்றுகொள்ள 15 பேர் மிச்சம். எடை, கொழுப்பு, தூக்கம், மனநிலை என்று 18 விஷயங்களை அளந்தார்கள். சாக்லேட் சாப்பிட்டவர்கள் பத்து சதவீதம் வேகமாக எடை குறைந்தார்கள் என்று ‘முடிவு’ வந்தது. ஓர் ஆய்விதழ் காசு வாங்கிக்கொண்டு அப்படியே வெளியிட்டது. ஜெர்மனியின் ‘பில்ட்’ உள்பட நாடு நாடாகப் பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு அவரே உண்மையை உடைத்தார்.

இதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அதுதான் பயம். ஆட்கள் நிஜம், அளவுகள் நிஜம், பி-மதிப்பும் நிஜம். பி 0.05-க்குக் கீழே வந்தால் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்கிறோம். வேறுபாடே இல்லாத இடத்திலும் இருபதில் ஒரு தடவை இப்படித் தற்செயலாக வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 18 விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றிலாவது இந்தப் பொய் மணி அடிக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு. தூக்கத்தில் அடித்திருந்தால் ‘சாக்லேட் தின்றால் நன்றாகத் தூங்கலாம்’ என்று தலைப்பு மாறியிருக்கும்.

2011-ல் மூன்று உளவியலாளர்கள் இதைவிடக் குறும்பு செய்தார்கள். பீட்டில்ஸின் ‘வென் ஐ’ம் சிக்ஸ்டி-ஃபோர்’ பாட்டைக் கேட்ட மாணவர்களுக்கு வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாக, 0.05-க்குக் கீழே பி-மதிப்போடு ‘நிரூபித்தார்கள்’. மனம் இளமையானதாக இல்லை, பிறந்த தேதிப்படியே! எதை அளந்தோம், எதை விட்டோம், எப்போது நிறுத்தினோம் என்பதைச் சொல்லாமல் மறைத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்று காட்டத்தான் அந்தக் கட்டுரையை எழுதினார்கள்.

எப்போது நிறுத்துவது என்பது லேசான விஷயம் இல்லை. பத்துப் பேர் ஆனதும் ஒரு பார்வை, பி வரவில்லையா, இன்னும் பத்துப் பேர், மறுபடி பார்வை. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும், இப்படிச் சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, வந்த இடத்தில் நிறுத்தினால், பொய் வெற்றிக்கான வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14 ஆகிறது. பத்து முறை பார்த்தால் 19. இணையத்தில் விளம்பரம் சோதிப்பவர்கள் மணிக்கு ஒரு தரம் திரையைப் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பி 0.05 என்றால் என் முடிவு தவறாக இருக்க 5 சதவீதம்தான் வாய்ப்பு என்று நினைக்கிறவர்களே அதிகம். தயவுசெய்து அப்படி வைவாவில் சொல்லிவிடாதீர்கள். ஒரு துறையில் 1,000 யோசனைகளைச் சோதிக்கிறார்கள், அவற்றில் 100 மட்டுமே நிஜமாக வேலை செய்பவை என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத் திட்டமிட்ட சோதனை அந்த 100-ல் 80-ஐப் பிடிக்கும். மீதி 900 வெற்று யோசனைகளில் இருபதில் ஒன்று வீதம் 45 தற்செயலாகத் தேறும். ஆக, ‘வெற்றி’ 125. அதில் 45 பொய், மூன்றில் ஒன்றுக்கும் மேல். சோதனை சின்னதாக இருந்து 100-ல் 20-ஐ மட்டும் பிடித்தால்? 65 வெற்றியில் 45 பொய். ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2015-ல் உளவியல் துறையின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 ஆய்வுகளில் பி தேறியிருந்தது. மறுபடி செய்தபோது தேறியவை 36 சதவீதம்.

பி வரவில்லை என்றால் வேறுபாடே இல்லை என்று அர்த்தமும் கிடையாது. ஆட்கள் போதாமலும் இருக்கலாம். எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு குத்துமதிப்பு வழி உண்டு. நீங்கள் அளக்கும் விஷயம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்ற திட்ட விலக்கத்தை, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்குங்கள். விலக்கம் 10, தேடும் வேறுபாடு 5 என்றால் குழுவுக்கு 64. வேறுபாடு 2.5 என்றால் 256. தேடுவது பாதியானால் ஆள் நான்கு மடங்கு. “எல்லாரும் 30 தானே எடுக்கிறாங்க” என்பதெல்லாம் கணக்கு இல்லை, வழக்கம்.

அப்படியானால் இப்போது என்ன செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் பெரிய கணித மூளை வேண்டியதில்லை. ஆர் மென்பொருள் இலவசம். என்பிடெல் இணையத்தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் சோதனை வடிவமைப்புப் பாடங்கள் இலவசம். மாண்ட்கோமரியின் புத்தகம் எந்தப் பொறியியல் கல்லூரி நூலகத்திலும் இருக்கும், வேளாண் மாணவருக்குக் கோமஸ் அண்ட் கோமஸ். முதல் பயிற்சியாக ஒன்று செய்யுங்கள். ஆர்-இல் வெறும் தற்செயல் எண்களை உருவாக்கி, உங்கள் நிஜ டேட்டாவுக்குச் செய்யப்போகும் அத்தனை அலசலையும் அதன்மேல் ஓட்டுங்கள். ஆயிரம் தடவை ஓட்டுங்கள். ஒன்றுமில்லாத எண்களிலிருந்தே எத்தனை ‘கண்டுபிடிப்பு’ வருகிறது என்று பார்த்தால், ஒரு செமஸ்டர் பாடம் ஒரு மாலையில் மண்டையில் ஏறும்.

சோதனையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கேள்வி, எதை முக்கியமாக அளப்பேன், எத்தனை பேர் அல்லது எத்தனை பாத்தி, குலுக்கல் எப்படி, அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் எப்படி வைப்பேன், எப்போது நிறுத்துவேன், எந்த டெஸ்ட். தேதி போட்டுக் கைடுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மனிதர்கள்மேல் நடக்கும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவுசெய்ய இந்தியாவில் 2007 முதல் சிடிஆர்ஐ என்ற பதிவேடே இருக்கிறது. 2009 முதல் பதிவு கட்டாயம். மற்றத் துறைகளில் கட்டாயம் இல்லை என்பதற்காக நீங்கள் விட்டுவிட வேண்டாம்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே புள்ளியியல் துறைக்குப் போங்கள். விதை ஊன்றும் முன், கேள்வித்தாளை அச்சடிக்கும் முன், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன். டேட்டா இல்லாமல் வந்ததற்காக யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள்.